ஹோட்டல் ஊழியர்களுக்கான ஆள்கடத்தல் தடுப்புப் பயிற்சி: காசு கொடுத்து வாங்கலாமா?

சென்னையில் ஹோட்டல், லாட்ஜ், சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று ஏதாவது நடத்துகிறவர்களுக்கும், அங்கே ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை, ரூம் எடுக்கும்போது ரிசப்ஷனில் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்றாவது புரியும்.

நான் எழும்பூரில், ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு நடுத்தர ஹோட்டலில் ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர். கொஞ்ச காலமாக வெளிநாட்டுக் கம்பெனிகள், முக்கியமாக அமெரிக்கக் கம்பெனிகள், வருஷா வருஷம் ரூம் ரேட் ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, லிஃப்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று போகிற அந்த வரிசையிலேயே, ஊழியர்களுக்கு ஆள்கடத்தல் பற்றிப் பயிற்சி கொடுத்தீர்களா, ஆதாரம் இணைக்கவும் என்றும் ஒரு வரி இருக்கும். ஆள்கடத்தல் என்றால் இங்கே, ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவந்து பாலியல் தொழிலிலோ கட்டாய வேலையிலோ தள்ளுவது. இல்லை என்று போட்டால் ஒப்பந்தம் கைநழுவிவிடும் என்று எங்கள் முதலாளிக்குப் பயம். அதனால் அவசர அவசரமாக ஒரு ஆன்லைன் பயிற்சி வாங்கினோம். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. திட்ட வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன, தவிர வேறு சிலரின் டெமோவும் பார்த்துவிட்டேன், பாட்டில்தான் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான்.

என்ன கிடைக்கிறது? செல்போனிலேயே பார்க்கக்கூடிய குட்டிக் குட்டி வீடியோக்கள், எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விகள். தேறினால் பெயர் போட்ட சான்றிதழ். ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்டுவதற்கு ஒரு போஸ்டர். யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று மேனேஜர் பார்க்க ஒரு பக்கம். இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது, ஆடிட்டுக்கு வந்தவரிடம் செல்போனைத் திறந்து அப்படியே காட்டிவிடலாம்.

இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் இதில் எது நமக்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க முடியும். கலிஃபோர்னியாவில் 2018-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், பெட்டி தூக்குகிறவர், விருந்தினரை வண்டியில் கூட்டிப்போகிறவர் என்று பாதிக்கப்பட்டவரைச் சந்திக்க வாய்ப்புள்ள ஊழியர் எல்லோருக்கும் குறைந்தது 20 நிமிடப் பயிற்சி, 2020 ஜனவரி 1-க்குள் முதல் தடவை, அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஃப்ளோரிடாவில் 2019-இல் வந்த சட்டம் இன்னும் கெடுபிடி: வருடாவருடம் பயிற்சி, ஊழியர் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்புப் பலகை, மீறினால் ஒரு நாளைக்கு 2,000 டாலர் அபராதம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே பாதிக்கப்பட்டவர் ஹோட்டல் மீதே நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம். ஆள்கடத்தலால் ஹோட்டலுக்கு வருமானம் வந்தது, அது ஹோட்டலுக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று நிரூபித்தால் போதும். 2025 ஜூலையில் ஜார்ஜியா மாநிலத்தில், பதினாறு வயதில் ஒரு மோட்டலில் வைத்துச் சுரண்டப்பட்ட பெண்ணுக்கு அந்த மோட்டலை நடத்திய நிறுவனம் 4 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி தீர்ப்பு சொன்னது. இப்படித் தீர்ப்பு வரும் ஊரில் பயிற்சிக் கம்பெனிகள் முளைக்காமல் என்ன செய்யும்? அங்கே விற்ற அதே வீடியோவுக்குத் தமிழ்க் குரல் போட்டு இங்கேயும் விற்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று, காசு கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். மேரியட் நிறுவனம் 2017-இல் தன் ஹோட்டல்களில் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது, 2020-இல் அதே பயிற்சியைத் தொழிலில் உள்ள எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளும்படி இலவசமாகவும் கொடுத்தது. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, விற்க வந்தவர் சொல்வாரா என்ன. உங்கள் வாடிக்கையாளர் கம்பெனி எந்தச் சான்றிதழை ஏற்கும் என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிஃப்ட் பற்றிய வீடியோ அருமை. ராத்திரி ஒரு மணிக்கு புக்கிங் இல்லாமல் வாக்-இன்னாக ஒரு ஆள் வருகிறார், கூட ஒரு சின்னப் பெண். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார், பெண்ணின் அடையாள அட்டையும் அவர் பையிலிருந்தே வருகிறது, அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இந்த இடத்தில் வீடியோ நின்று, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். எங்கள் பையன்களில் பாதிப் பேர் 'அந்த ஆளை நிற்கவைத்துக் கேட்பேன்' என்பதைத்தான் அமுக்கினார்கள். தப்பு என்று வந்ததும் ஒரே சத்தம், ஏன் சார் தப்பு என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். வீடியோ பொறுமையாக விளக்குகிறது: நேருக்கு நேர் கேட்டால் அந்த ஆள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெரு லாட்ஜுக்குப் போய்விடுவான், அடி விழப்போவது அவளுக்கு, உங்களுக்கும் ஆபத்து. பார்த்ததை நேரத்தோடு எழுதிவை, வண்டி நம்பர், ரூம் நம்பர் குறித்துக்கொள், ட்யூட்டி மேனேஜரிடம் சொல், போலீசைக் கூப்பிடு, கேமராப் பதிவு அழிந்துவிடாமல் பத்திரப்படுத்து. ஊழியர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பெண்ணின் படத்தைப் போடாதே என்று தனியாக ஒரு நிமிடம் சொல்கிறார்கள். இந்த ஒரு நிமிடத்துக்கே காசு கொடுக்கலாம், ஏனென்றால் நம்மூரில் முதலில் நடப்பதே அதுதான்.

இனி அந்த அறிகுறிப் பட்டியல். கதவில் மாட்டும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' (டி.என்.டி.) போர்டைக் கழற்றவே மாட்டார்கள், ரூமைச் சுத்தம் செய்ய விட மாட்டார்கள், ரொக்கமாகப் பணம் கட்டுவார்கள், பெட்டி படுக்கை இருக்காது, ஒரே ரூமில் நிறையப் பேர், டவல் அடிக்கடி கேட்பார்கள், எவ்வளவு நாள் தங்குவோம் என்று சொல்ல மாட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா சிரித்தார். எழும்பூரில் காலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு ஹைகோர்ட்டுக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிற ஆளிடம் என்ன பெட்டி இருக்கும்? தேர்வு எழுத வரும் பிள்ளைகள் ரூமுக்கு ஐந்து பேர். கிரீம்ஸ் ரோடு பக்கம் உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள், எப்போது கிளம்புவோம் என்று டாக்டருக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும், ரூமிலேயே சமைப்பார்கள், அதனாலேயே சுத்தம் செய்ய உள்ளே விட மாட்டார்கள். இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் சென்னை லாட்ஜுகளில் பாதிப் பேரைப் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதான். ஒரு அறிகுறி மட்டும் இருந்தால் அது ஒன்றுமே இல்லை, மூன்று நான்கு சேர்ந்து வரும்போது, அதுவும் ஒருவர் இன்னொருவரைக் கண்டு பயப்படுவது தெரியும்போதுதான் யோசிக்க வேண்டும் என்று வீடியோவில் ஒரே ஒரு வரி வருகிறது. அதைப் பத்துத் தடவை சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இந்தப் பயிற்சி முதலில் யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகாத ஜோடிகள். பயிற்சி முடிந்த அடுத்த வாரமே எங்கள் நைட் ஷிஃப்ட் பையன் ஒருவன், இருவரிடமும் ஆதார் இருந்தும், இருவரும் இருபத்தைந்தைத் தாண்டியும், முகவரி வேறு வேறாக இருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு ஜோடிக்கு ரூம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். கேட்டால், டிரெய்னிங்கில் சொன்னாங்களே சார் என்கிறான். எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் செய்யாதே என்றும் சொல்லவில்லை, என் புகார் அதுதான். கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை, கல்யாணமாகாதவர்கள் தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லிச் சீல் வைத்த வழக்கில், வயது வந்த ஆணும் பெண்ணும் கல்யாணமாகாமல் ஹோட்டலில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. விருப்பத்தோடு பாலியல் தொழில் செய்யும் வயது வந்த பெண்களை ரெய்டு என்ற பெயரில் கைது செய்வதும் துன்புறுத்துவதும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. கட்டாயப்படுத்தப்பட்டவர் வேறு, தன் விருப்பத்தோடு வந்தவர் வேறு என்பதைப் பிரித்துக் காட்டாத பயிற்சி, ரிசப்ஷனில் நிற்கிற பையனைக் கலாச்சாரக் காவலனாக்கி விட்டுவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

இந்தியச் சட்டத்துக்கு அவர்கள் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு ஸ்லைடு. அதில் ஆள்கடத்தலையும் கட்டாய உழைப்பையும் தடை செய்யும் அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவைப் போட்டுவிட்டுக் கடந்துவிட்டார்கள். அமெரிக்காவில் சட்டம் ஹோட்டலிடம் பயிற்சியைக் கேட்கிறது, இங்கே சட்டம் நேராக உங்கள் லைசென்ஸிலும் கழுத்திலும் கை வைக்கிறது, இது தெரியாமல் ஊழியருக்கு என்ன பயிற்சி? போக்சோ சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலோ யாராக இருந்தாலும் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. 20-வது பிரிவு ஹோட்டல், லாட்ஜ் ஊழியர்களைப் பெயர் சொல்லியே அழைக்கிறது, குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படமோ பொருளோ கண்ணில் பட்டால் தகவல் கொடுக்க வேண்டும், உங்களிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பது பொருட்டே இல்லை, நாலு ரூம் லாட்ஜுக்கும் இதே சட்டம்தான். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ரூம் பாய்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், ஏனென்றால் அவர்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையவிடுவார்களோ என்ற பயம்.

விபசாரத் தடுப்புச் சட்டம் 1956-இல் வந்தது. தெரிந்தே இடம் கொடுத்தால் ஹோட்டல் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை நிறுத்திவைக்கலாம், சம்பந்தப்பட்டவர் குழந்தையோ மைனரோ என்றால் ரத்தே செய்யலாம். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில், ஆளைச் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகியவற்றோடு தங்கவைப்பதும் ஒரே வரிசையில் இருக்கிறது, தண்டனை குறைந்தது ஏழு வருடம். தங்கவைப்பதுதான் நம் தொழில் என்பதால், தெரிந்தே செய்ததற்கும் தெரியாமல் நடந்ததற்கும் நடுவில் நம்மைக் காப்பாற்றப் போவது நம் ரிஜிஸ்டரும் நாம் எழுதிவைத்த குறிப்பும்தான். அந்த ஸ்லைடில் இதில் ஒரு வரிகூட இல்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டிய விவரப் படிவத்தைப் பற்றியும் பேச்சில்லை. அதை எதற்கு இங்கே சொல்கிறேன் என்றால், பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்கவைத்து முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச, யாருக்கும் உறுத்தாத காரணம் அது ஒன்றுதான்.

போஸ்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். பளபள காகிதத்தில் அச்சடித்துக் கூரியரில் அனுப்பினார்கள். கீழே பெரிய எழுத்தில் 1-888 என்று தொடங்கும் அமெரிக்க ஹெல்ப்லைன் நம்பர். எழும்பூரில் இருந்துகொண்டு அமெரிக்காவுக்கு யார் போன் போடுவது? நாங்களே ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டினோம்: குழந்தை என்றால் 1098, பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. நாலு வரி மெயில் எழுதி அவர்களுக்கும் சொன்னேன், அடுத்த பதிப்பில் பரிசீலிப்பார்களாம்.

அடுத்து, அவர்கள் பார்வையிலேயே படாத விஷயங்கள். வீடியோ முழுக்க ஒரே வகைக் கடத்தல்தான், பெண்ணைப் பாலியல் தொழிலுக்குக் கொண்டுவருவது. அது இங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சென்னையில் ஹோட்டல் ரூம்கள் வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று இந்த ஊரில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று ஊரே கேலி பேசிய காலம் ஒன்று இருந்தது. உறுப்பு விற்பனையைத் தடை செய்து 1994-இல் சட்டம் வந்தது, ஆனாலும் 2025-இல் நாமக்கல் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைக் காட்டிக் கிட்னி வாங்கிய புரோக்கர்கள் பற்றிய செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரு ஏழைத் தொழிலாளிக்கு முன்பின் தெரியாத ஒருவர் ரூம் போட்டுக் கொடுத்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, வெளியே தனியாக விடாமல் வைத்திருந்தால் அது என்ன? இந்தக் கோணமே அந்த வீடியோவில் கிடையாது.

அதே மாதிரி வெளிநாட்டு வேலை இன்டர்வியூ. நம் மினி ஹாலை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் இவ்வளவு சம்பளம் என்று பையன்களை வரிசையில் நிற்கவைப்பார்கள். அப்படி நம்பிப் போன தமிழ்ப் பையன்கள் மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் மாட்டி, அடிபட்டு, 2022-இல் அரசு தலையிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடினால் அந்தப் பதிவு வந்துவிடும். ஹால் புக்கிங்குக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது என்று நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கேட்டவுடன், வேறு ஹால் பார்த்துக்கொள்கிறோம் என்று போனவர்களும் உண்டு.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது வெளியே வந்தது அந்தக் கம்பெனியின் தயவால் இல்லை, எங்கள் அக்காவின் வாயால். மத்தியானம் ரூம்கள் ஓய்ந்த நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களை எல்லாம் சேர்த்து உட்காரவைத்து டிவியில் வீடியோவைப் போட்டிருந்தோம். அடையாள அட்டை இன்னொருவர் கையில் இருக்கும், சம்பளம் நேராக அவர் கைக்கு வராது, வேலை செய்யும் இடத்திலேயே தங்குவார், தனியாக வெளியே போக மாட்டார், எந்த ஏரியாவில் இருக்கிறோம் என்றுகூடத் தெரியாது, கேட்டால் சொல்லிக்கொடுத்த பதிலையே சொல்வார் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பாதியில் அக்கா திரும்பி என்னிடம், "தம்பி, இவங்க சொல்ற ஆளு கஸ்டமர் மாதிரியா இருக்கு? நம்ம மொட்டை மாடி ரூம்ல இருக்குற பசங்க மாதிரில்ல இருக்கு" என்றார்.

அங்கே இருந்த எல்லோரும் கான்ட்ராக்ட் பையன்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள், வீடியோ புரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னை ஹோட்டல் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். லேபர் கான்ட்ராக்டர் ஒருவர் ஆட்களைக் கொண்டுவந்து விடுவார். ஹோட்டல் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுக்கும், அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு பையன்களுக்குக் கொடுப்பார். ஊரில் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ், ரயில் டிக்கெட், சாப்பாடு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் கழியும். ஆதாரைக் கேட்டால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பார். இவர்கள் எல்லோரும் கடத்தப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் அண்ணன் வந்தான், மாமா வந்தான் என்று விரும்பி வந்தவர்கள்தான். ஆனால் அட்வான்ஸைக் கழிக்கும் வரை வேலையை விட்டுப் போகக் கூடாது என்று பிடித்துவைத்தால் அதற்குப் பெயர் கொத்தடிமை, 1976-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் அந்த 23-வது பிரிவை வைத்தே சொன்னது. ஸ்லைடில் வெறும் எண்ணாகப் போட்டுவிட்டுப் போனார்களே, அதே பிரிவுதான். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஹோட்டலில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரிலிருந்தே இருக்கிறது.

உலகக் கணக்கும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கட்டாய உழைப்பில் மாட்டியிருப்பவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர், அதில் கட்டாயப் பாலியல் சுரண்டலில் இருப்பவர்கள் 63 லட்சம். மீதிப் பேர் வயலில், கட்டட வேலையில், மில்லில், வீட்டு வேலையில், நம்மைப் போன்ற இடங்களில். பயிற்சி வீடியோ முழுக்க அந்த 63 லட்சத்தைப் பற்றியே பேசிவிட்டு, மிச்சத்துக்கு முப்பது விநாடி ஒதுக்கியிருக்கிறது. விருந்தினர் வரும் முன்வாசலுக்குத்தான் கேமரா, ஆள் வரும் பின்வாசலைப் பார்க்க யாரும் இல்லை. ஏன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தப் பயிற்சியைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஹோட்டல் முதலாளி. தப்பு செய்கிறவன் விருந்தினர், கண்டுபிடிக்கிற ஹீரோ நம் ஊழியர் என்று எடுத்தால் அவர் சந்தோஷமாக வாங்குவார். உன் கான்ட்ராக்டரின் நோட்டைப் பார் என்று எடுத்தால் வாங்குவாரா?

எங்கள் முதலாளியிடம் இதைப் பேசியபோது முகம் சுருங்கியது, பொய் சொல்வானேன். ஆனால் அதே அமெரிக்கக் கம்பெனியின் கேள்வித்தாளில், ஒப்பந்தத் தொழிலாளரின் அடையாள ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன என்று இன்னொரு பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது, அதைக் காட்டினேன். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு ஆதார்களை எல்லாம் பையன்கள் கையிலேயே கொடுக்கச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். சம்பளம் அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். அட்வான்ஸ் கழிக்கும் விஷயத்தில் இன்னும் இழுபறி ஓடிக்கொண்டிருக்கிறது.

சின்னச் சின்னக் குறைகள்: தமிழ்க் குரல் ஏஐ போட்டது என்று இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும், துயரமான இடத்திலும் ஏர்போர்ட் அறிவிப்பு மாதிரியே ஒலிக்கும். இந்தி இருக்கிறது, ஒடியா, அசாமி, நேபாளி கிடையாது, ஆனால் சென்னை ஹோட்டல்களின் ஹவுஸ்கீப்பிங்கில் அவர்கள்தான் அதிகம். கேள்விகளைத் தப்பாகவே அமுக்கிக்கொண்டு போனாலும் கடைசியில் சரியான பதிலைக் காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது, இதை எங்கள் பெல்பாய் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். விலை ஆளுக்கு ஒரு மட்டன் பிரியாணி அளவுதான், குறை சொல்ல முடியாது. சந்தேகம் கேட்டால் ஒரு நாளுக்குள் பதில் வருகிறது, மரியாதையாகவும் வருகிறது, உருப்படியாக வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

வாங்கலாமா என்று கேட்டால், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். உங்களிடம் சான்றிதழ் கேட்கும் வாடிக்கையாளர் இருந்து, இலவசப் பயிற்சியை அவர் ஏற்க மாட்டார் என்றால் வாங்குங்கள். சான்றிதழ் யாரும் கேட்கவில்லை, ஊழியர்களுக்குப் புரிந்தால் போதும் என்றால் இது வேண்டாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்தோ உங்கள் ஏரியா ஸ்டேஷனிலிருந்தோ ஒருவரை மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து பேசச் சொல்லிக் கேளுங்கள். எதை வாங்கினாலும் டெமோவிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: போக்சோ 20-வது பிரிவு இருக்கிறதா, வயது வந்த ஜோடிகளை என்ன செய்யக் கூடாது என்று சொல்கிறதா, உங்கள் சொந்த ஊழியர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா. முதல் கேள்விக்கே விற்பனைக்காரர் இருமினால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை.

எங்களுக்குச் சீக்கிரம் ரினியூவல் வருகிறது. ஒடியா வடிவம் வேண்டும், போஸ்டரில் 1098 வேண்டும் என்று எழுதியிருந்தேன், திட்டத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதனால் இந்தத் தடவை ஃப்ரன்ட் ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் வாங்குவதாக இருக்கிறோம். ஹவுஸ்கீப்பிங் பையன்களுக்கு, ஒடியா பேசத் தெரிந்த எங்கள் சமையல் மாஸ்டரை வைத்து நாங்களே சொல்லித்தரப் போகிறோம், கான்ட்ராக்டர் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து.